காரணம் பிறகு சொல்லப்படும்

சும்மா கிடைப்பதை வாங்கிக்கொண்டு, கொடுத்தவரையே குடைந்து குடைந்து கேள்வி கேட்பதற்கென்று ஒரு கூட்டம் உலகத்தில் உண்டு. அந்தக் கூட்டத்துக்கு வருஷக்கணக்காகப் பதில் சொல்லிச் சொல்லியே அவளுக்கு ‘கறார்’ என்று பெயர் வந்துவிட்டது. வீட்டில் அவள் அக்கா. அம்மாவுக்கு ‘ஏண்டி’. ஆனால் அந்த வெப் சர்வரை எழுதுகிறவர்களுக்கு நடுவில், ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்தே இராத அந்தப் பத்துப் பதினைந்து பேருக்கு, அவள் கறார்தான்.

வெப் சர்வர் என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. நாம் போனில் ஒரு தளத்தைத் திறக்கிறோம். அந்தப் பக்கத்தை எடுத்து நம் கையில் கொடுக்க எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறதே, அதுதான். இவர்கள் எழுதியதை யாரும் எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது. எப்படி எழுதியிருக்கிறது என்று வரிக்கு வரி படித்தும் பார்க்கலாம், மூடி மறைக்கிற வேலையே கிடையாது. கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பத்திரிகை என்று எத்தனையோ இடத்தில் இவர்களுடைய மூன்றாம் பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற வரைக்கும் ஒருத்தரும் நன்றி சொன்னதில்லை. ஒரு நாள் மூச்சு வாங்கினால் போதும், திட்டு மட்டும் தவறாமல் வந்து சேரும்.

நான்காம் பதிப்புக்கு அவள்தான் பொறுப்பு. எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது, எந்தத் தேதியில் விடுவது என்று ஒரு வருஷத்துக்கு மேல் சண்டை. பழையதில் ஒரு ஆணியைப் பிடுங்கலாம் என்றால்கூட, ‘ஐயோ, அந்த ஆணியில்தான் என் சட்டையை மாட்டியிருக்கிறேன்’ என்று எவனாவது ஒருவன் ஓடி வருவான். எல்லாரிடமும் பேசி, கெஞ்சி, மிரட்டி ஒரு தேதி வைத்தாள். அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு ஒரு காற்புள்ளிகூட உள்ளே போகக் கூடாது. ஆந்தை என்கிறவர் இதை எழுதுகிறவர்களிலேயே கெட்டிக்காரர், அவர் ஆசை ஆசையாக எழுதிக்கொண்டு வந்த ஒரு திருத்தத்தையே ‘அடுத்த பதிப்புக்குப் பார்க்கலாம்’ என்று திருப்பி அனுப்பினாள். மனுஷன் ஒரு வாரம் பேசவில்லை.

வெளியீட்டு நாள் காலையில் எல்லாம் தயாராக இருந்தது. வெளியிடலாம் என்று எல்லாரும் ஓட்டுப் போட்டாகிவிட்டது, அறிவிப்பு எழுதியாகிவிட்டது, மதியம் ஒரு பட்டனை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. மாடி அறையில், துணி அயர்ன் பண்ணுகிற மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கிற அவளுடைய மேஜைக்கு அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள்.

“இன்னைக்குத்தானே உன் படம் ரிலீஸு?”

“படம் இல்லம்மா.”

“ஏதோ ஒண்ணு. ஒரு வருஷமா வீட்டுல இதே பேச்சு. ஹீரோ யாருன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிற.”

அம்மா சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். கீழே அம்மாவும் தம்பியும். மேலே இவள் மட்டும். தம்பி ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். லேபில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே ரிப்போர்ட்டைப் பார்க்கிற தளம் முழுக்க அவன் கையில்தான். நான்காம் பதிப்பு வந்ததும் புதுத் தளத்தைத் திறப்பது என்று ஏற்பாடு. அவனுடைய மேனேஜர் அதே நாள் மதியத்துக்கு டாக்டர்களை எல்லாம் கூப்பிட்டு வைத்திருந்தார்.

டீ ஆறுவதற்குள் ஆந்தையிடமிருந்து ஒரு வரி வந்தது. கூப்பிடுங்கள், எழுத்தில் வேண்டாம். அவருக்கு எங்கே எப்போது விடிகிறது, எப்போது இருட்டுகிறது என்று யாருக்கும் தெரியாது. எந்த நேரத்தில் கேட்டாலும் விழித்திருப்பார், அதனால்தான் அந்தப் பெயர். அவள் உடனே கூப்பிட்டாள்.

“கறார், தேதியை நிறுத்துங்க. நாலுல ஒரு ஓட்டை இருக்கு.”

அவள் டீயைத் தள்ளி வைத்தாள். “நாலுல மட்டுமா?”

“அதைத்தான் சொல்ல வர்றேன். மூணுலயும் இருக்கு. ரெண்டுலயும் இருக்கு. ஆரம்பத்துலேர்ந்தே இருக்கு, நாம யாரும் பாக்கல.”

விஷயம் இதுதான். பக்கத்தைக் கேட்டுக் கோணலாக ஒரு விதத்தில் கோரிக்கை அனுப்பினால், சர்வர் தடுமாறிப்போய், அதற்குமுன் வேறு யாருக்கோ கொடுத்த பக்கத்தின் மிச்சம் மீதியையும் சேர்த்து அள்ளிக் கொடுத்துவிடும். உள்ளே நுழைய வேண்டாம், பூட்டை உடைக்க வேண்டாம். கேட்கத் தெரிந்தால் போதும், அடுத்தவன் சங்கதி கைக்கு வந்துவிடும்.

மூடினால் தீர்ந்தது என்று நினைக்கலாம். அங்கேதான் வில்லங்கம். எழுதுவதெல்லாம் எல்லாரும் படிக்கிற மாதிரி கிடக்கிற இடத்தில், ஓட்டையை அடைக்கிற வரியை வைத்த மறு நிமிஷமே ஓட்டை எங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் எல்லாப் பதிப்புக்கும் திருத்தத்தை ரகசியமாக எழுதி, ரகசியமாகச் சோதித்து, ஒரே நேரத்தில் வெளியே விட வேண்டும். அதுவரை மூன்று பேருக்கு மட்டும் தெரியும்: கறார், ஆந்தை, அப்புறம் எதற்கும் நாலு கேள்வி கேட்காமல் நகராத வக்கீல். அவர் கோர்ட் வாசலை மிதித்தவர் இல்லை, வாதம் பண்ணிப் பண்ணி வந்த பெயர் அது.

இன்னொரு விதியும் உண்டு. தெரிந்தவர் தன் சொந்தக்காரருக்கோ, முதலாளிக்கோ, நண்பனுக்கோ மூச்சு விடக் கூடாது. என் வீட்டை முதலில் பூட்டிக்கொள்கிறேன் என்று யாரும் ஓடக் கூடாது. ஒரு காலத்தில் இவர்களில் ஒருத்தர் நல்ல மனசோடு ஒரு நண்பனிடம் சொல்லி, நண்பன் அவன் நண்பனிடம் சொல்லி, திருத்தம் வருவதற்குள் எத்தனையோ கடைகளின் வாடிக்கையாளர் விவரம் சந்திக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த விதியை எழுதியதே கறார்தான். எழுதிய அன்றைக்கு அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் அறிவிப்புப் பக்கத்தைத் திறந்தாள். நாலாம் பதிப்பு வெளியீடு தள்ளிவைக்கப்படுகிறது, காரணம் பிறகு சொல்லப்படும் என்று போட்டாள். தேதி சொன்னால் தேதிதான் என்று பெயர் எடுத்தவள், அப்படி ஒரு வரியைத் தன் கையால் எழுதினாள். அவ்வளவுதான், பிலுபிலு என்று பிடித்துக்கொண்டார்கள். தூங்கிவிட்டீர்களா என்று கேட்டான் ஒருவன். பெரிய கம்பெனி எதுவோ காசு கொடுத்து நிறுத்திவிட்டது என்று கண்டுபிடித்தான் இன்னொருவன். இத்தனை வருஷத்தில் ஒரு வரி எழுதிக் கொடுக்காதவனெல்லாம் நியாயம் கேட்டான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாடிப்படியில் திடுதிடுவென்று சத்தம் கேட்டது. தம்பி.

“அக்கா, என்ன இது?” போனை அவள் மூஞ்சிக்கு நேராக நீட்டினான்.

“போட்டிருக்கேன்ல. தள்ளி வெச்சிருக்கோம்.”

“அது எனக்கும் படிக்கத் தெரியுது. ஏன்?”

“பிறகு சொல்லுவோம்.”

“ஊருக்குப் பிறகு சொல்லு. எனக்கு இப்ப சொல்லு.”

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தால் தன் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயமாக இருந்தது.

“மத்தியானம் அத்தனை டாக்டருங்களையும் உக்கார வெச்சுத் திறக்கப் போறார் மேனேஜர். எங்கக்கா தேதி சொன்னா தேதிதான், நீங்க கண்ணை மூடிட்டுக் கூப்பிடுங்கன்னு நான்தான் பெருசா பேசினேன். இப்ப அங்க போய் என்னன்னு நிக்கிறது நான்?”

“பழைய தளம் ஓடிட்டுத்தானே இருக்கு?”

“ஓடுது, ஓடுது. மூணாம் பதிப்புல முக்கி முனகிட்டு ஓடுது. இந்த ஊர்ல பாதிப் பேர் ரிப்போர்ட் அதுலதான் கெடக்கு. யாருக்கு என்ன வியாதின்னு அத்தனையும் அதுல. நம்ம அம்மாவோடதும் அதுலதான்.”

அவன் சொன்னது தளம் மெதுவாக ஓடுகிறதே என்கிற எரிச்சலில். அவளுக்கு அது வேறு விதமாகக் கேட்டது.

“எதாவது பிழையா? பிழைன்னா சொல்லு. சத்தியமா வாயைத் திறக்க மாட்டேன்.”

வேறொரு நாளாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். தம்பிக்கு மனசு தங்கம், வாய்தான் ஓட்டை. சித்தப்பா வேலையை விடப்போகிறார், இப்போதைக்கு யாரிடமும் சொல்லாதே என்று சொன்னால், சித்தப்பாவின் முதலாளியையே வழியில் பார்த்து ‘வருத்தமா இருக்கு சார்’ என்று சொல்லிவிட்டு வந்தவன். அதிலும் ஒரு ஆபத்து என்றால் கேட்கவே வேண்டாம். மற்ற லேபிலும் ஆஸ்பத்திரியிலும் இதே வேலை பார்க்கிற அவன் சிநேகிதர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லாமல் தன் சர்வரை மட்டும் மூடிக்கொள்ள அவனால் முடியாது. அவ்வளவு நல்லவன். அந்த நல்ல குணமே சாயங்காலத்துக்குள் ஊரைக் கவிழ்த்துவிடும்.

“கேக்காதடா,” என்றாள்.

“சரி. உன் விதியை நீயே கட்டிக்கிட்டு அழு,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். அழுகை வந்தது. அழுவதற்கு நேரமில்லை என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தாள்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சு வார்த்தை அம்மா மூலமாகத்தான் நடந்தது. அம்மா படி ஏறி வந்து தபால் கொடுப்பாள்.

“நீ அவனுக்கு அக்காவே இல்லையாம். வெறும் மாடி வீட்டுக்காரியாம்.”

“வேற என்ன சொன்னான்?”

“அந்த மேனேஜர் எல்லார் எதிர்லயும் வெச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாராம். புதுத் தளத்தை வெளியில ஒரு கம்பெனிக்கிட்டக் கொடுக்கப் போறாராம். ஏண்டி, அப்படி என்னதான் ரகசியம்? சொல்லித் தொலைச்சா என்ன? பாவம், புள்ள சோத்துல கை வெக்கிறதோட எழுந்துடுறான்.”

அவளால் அம்மாவைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அம்மாவின் ரிப்போர்ட்டும் அங்கேதான் கிடக்கிறது.

வேலை நகரவே மாட்டேன் என்றது. நாலாம் பதிப்புக்குத் திருத்தம் சுலபம். மூன்றாம் பதிப்பில் அந்த இடம் சிக்கல் விழுந்த நூல்கண்டு, ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் இறுகும். வழக்கமாகச் சோதிக்கிற கம்ப்யூட்டர்களும் எல்லாரும் பார்க்கிற மாதிரி இருப்பவை, அங்கே வைக்க முடியாது. மூன்று பேரும் அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்து ஓட்டினார்கள். அவளுடையது சூடேறி, விசிறி சத்தத்தில் அறையே இரைந்தது.

ஒரு நாள் மதியம் அவளால் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு வார்த்தை. சர்வரில் ஓட்டை இருக்கிற அந்த ஒரு பகுதியை மட்டும் அணைத்து வை என்று சொன்னால் போதும். விதியாவது மண்ணாவது, கூடப் பிறந்தவனுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது? அவள் படி இறங்கினாள். அன்றைக்கு அவன் லீவு போட்டிருந்தான். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பும் அவனும், ஸ்பீக்கரில் அவன் சிநேகிதர்கள். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான்.

“எங்கக்கா எதையோ மறைக்கிறாடா. ஒரு நாள் இல்ல ஒரு நாள் வாயை விடுவா. விட்டதும் மொத போன் உங்களுக்குத்தான். நாம முந்திக்கலாம்,” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் கதவருகே நின்றாள். அவன்மேல் கோபம் வரவில்லை, பாசம்தான் வந்தது. வந்த வழியே திரும்பி, சத்தம் போடாமல் மேலே ஏறினாள்.

இரண்டொரு நாள் கழித்துக் காலையில் ஆந்தை கூப்பிட்டார். வக்கீலும் இணைப்பில் இருந்தார். ஆந்தையின் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

“நம்ம தளத்துக்கே அந்தக் கோணல் கோரிக்கை வந்திருக்கு. ஒரு தடவை இல்ல, மாத்தி மாத்தி அனுப்பிப் பாத்திருக்கான். எவனோ தானா கண்டுபிடிச்சிட்டான். இப்பவே விட்டுடுவோம்.”

“மூணாம் பதிப்புத் திருத்தத்தை நெரிசல்ல வெச்சு இன்னும் ஓட்டிப் பாக்கல,” என்றார் வக்கீல். “ஒரே நேரத்துல ஆயிரம் பேர் வந்தா அது தாங்குமா? தெரியாது. ஆஸ்பத்திரி ஓடுது அதுல. ஓட்டையை அடைக்கிறேன்னு சொல்லி ஆளையே சாய்ச்சிட்டா?”

“சாய்ஞ்சா எழுப்பலாம். அவன் அள்ளிட்டுப் போனா?”

“ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேக்குறேன். பாதி பேர் நம்ம திருத்தம் சரியில்லைன்னு கழட்டிப் போட்டா, அப்புறம் எத்தனை மாசம் ஓட்டையோட உக்காந்திருப்பாங்க, யோசிங்க.”

இருவரும் நிறுத்தினார்கள். இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுத்தால் வெளியீட்டுக்குப் பொறுப்பானவர் சொல்வதுதான் முடிவு. “கறார், நீங்க சொல்லுங்க,” என்றார் ஆந்தை.

இப்போதே விடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. தம்பியின் லேப் கண்முன் நின்றது. அவன் சோற்றில் கை வைத்ததோடு எழுந்து போவதும் கூடவே வந்தது. அப்புறம்தான் அவளுக்குச் சுருக்கென்றது. இதைச் சொல்வது யார், கறாரா, அக்காவா? அந்த லேபில் தம்பி இல்லையென்றால் நான் என்ன சொல்லியிருப்பேன்? ஓட்டிப் பார்க்காமல் ஒரு காற்புள்ளியைக்கூட விட்டதில்லையே.

“ஓட்டிப் பாத்துட்டு விடுவோம். நாளைக்குக் காலையில,” என்றாள். சொன்னவுடன் தன் குரலே தனக்குப் பிடிக்கவில்லை.

அன்றைய பகல் எப்படிப் போனது என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. செயற்கையாக நெரிசலை உண்டாக்கி ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். மதியம் வரைக்கும் ஒழுங்காக ஓடியது. நாமே பயந்து செத்திருக்கிறோம் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சாயங்காலம் வெளிச்சம் மங்குகிற நேரத்தில் மூன்றாம் பதிப்பு திடீரென்று விறைத்துப் போய் நின்றது. எது கேட்டாலும் பதில் இல்லை. வக்கீல் சொன்னது சரி, நெரிசலில் அந்தத் திருத்தம் சர்வரையே சாய்த்துவிட்டது. அவர் குத்திக் காட்டவில்லை, நல்ல மனுஷர். மூன்று பேரும் உட்கார்ந்து அதையும் சரி செய்தார்கள்.

மறுநாள் காலை எல்லாப் பதிப்பையும் ஒன்றாக விட்டார்கள். மூன்றாம் பதிப்புக்குத் திருத்தம், இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம், கூடவே ஒரு வருஷம் சுமந்த நான்காம் பதிப்பு. என்ன ஓட்டை, ஏன் தள்ளிவைத்தோம், உடனே மாற்றிக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பும் போனது. அவள் பட்டனை அழுத்தினாள். அடுத்த கணம் செருப்புக்கூடப் போடாமல் படியில் ஓடினாள்.

தம்பி வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தான்.

“டேய், இப்பவே மாத்து. மொதல்ல மாத்து, அப்புறம் என்னைத் திட்டு.”

அவன் வாய் திறப்பதற்குள் அவள் போனை நீட்டினாள். படித்தான். முகத்தில் ரத்தம் வற்றியது. ஒரு காலில் ஷூவோடு மேஜைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தான். வேலையில் அவன் கை வேகம் பெயர் போனது. அவள் பின்னால் நின்று பார்த்தாள்.

“முடிஞ்சிது,” என்றான். பிறகு திரும்பாமலே கேட்டான்: “உனக்கு எப்பத் தெரியும்?”

“நீ மேல வந்து கத்தினியே, அன்னைக்குக் காலையிலேயே.”

“அம்மா ரிப்போர்ட்டும் அதுல இருக்குன்னு நான் சொன்னேனே. அப்பவும் தெரிஞ்சிட்டுத்தான் உக்காந்திருந்தியா?”

“ஆமா.”

“எனக்குச் சொன்னா நான் நாலு பேருக்குச் சொல்லிடுவேன்னு நெனச்ச.”

“ஆமாண்டா.”

“சொல்லியிருப்பேன்தான்,” என்றான்.

அம்மா சமையலறையிலிருந்து வந்து, இரண்டு பேரையும் பார்த்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். எவனாவது வந்துவிட்டுப் போயிருக்கிறானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சர்வர் யார் கேட்டார்கள், எவ்வளவு பெரிய பதில் கொடுத்தோம் என்று குறித்து வைத்துக்கொண்டே இருக்கும். சின்னக் கேள்விக்குப் பெரிய பதில் போயிருந்தால் அள்ளிக்கொண்டு போயிருக்கிறான் என்று அர்த்தம். தம்பி அதைத் திறந்தான். திரையில் வரிகள் ஓடின. இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

அவன் விரல் நின்றது.

“வந்திருக்கான்.”

“ஒரு தடவையா?”

“ஒண்ணு ரெண்டு இல்லக்கா. வரிசையா. கொத்துக் கொத்தா எடுத்திருக்கான்.” நேரத்தைப் பார்த்தான். “நேத்து மத்தியானம்.”

நேற்றுக் காலை பேசியது அவளுக்கு நினைவு வந்தது. சொல்லாமலே இருந்துவிடலாம். அவனுக்கு எப்படித் தெரியப் போகிறது? ஆனால் இத்தனை நாள் மூடி வைத்தது போதும் என்று இருந்தது.

“நேத்துக் காலையிலயே விட்டிருக்கலாம். இப்பவே விடலாம்னு ஒருத்தர் சொன்னார். நான்தான் ஒரு நாள் ஓட்டிப் பாப்போம்னு நிறுத்தினேன்.”

அவன் இப்போதுதான் திரும்பினான்.

“அந்தத் திருத்தம் அப்படியே வந்திருந்தா உன் சர்வர் விறைச்சுப் போய் நின்னிருக்கும். சாயங்காலம் எங்ககிட்ட நின்னுச்சு,” என்றாள். அவளுக்கே அது கெஞ்சுகிற மாதிரிக் கேட்டது.

“நின்னிருந்தா ஓட வெச்சிருப்பேன். அதானே என் வேலை. போனதை எங்க போய்க் கொண்டு வர்றது? எவன் எவனுக்கு என்ன வியாதின்னு ஒருத்தன் கையில இருக்கு இப்ப.”

எல்லாருக்கும் சரியானதைச் செய்தாள், அந்தச் சரியில் இந்த லேபும் அதில் ரத்தம் கொடுத்தவர்களும் அடிபட்டுப் போனார்கள்.

தம்பி மேனேஜரைக் கூப்பிட்டான். மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னான். ஸ்பீக்கர் போடாமலே அந்தப் பக்கத்துக் கத்தல் அறை முழுக்கக் கேட்டது.

“அந்த சர்வருக்குப் பெரிய தலையே உங்கக்காதானே? ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு உனக்குத் தெரியாதுன்னா நம்புறதுக்கு நான் என்ன கேனையனா? தெரிஞ்சும் சும்மா இருந்தியா? இல்ல அந்தம்மா வேண்டியவங்களுக்கு மட்டும் சொல்லி நம்மள விட்டாங்களா?”

தம்பி அக்காவைப் பார்த்தான். ஒரு வாரமாக அவன் அவளை நேராகப் பார்க்கவில்லை. கண் சிவந்திருந்தது.

“எனக்கே சொல்லல சார்,” என்றான். “கூடப் பிறந்த எனக்கே சொல்லாதவங்க வேற எவனுக்குச் சொல்லியிருப்பாங்க?”

அந்தப் பக்கம் சத்தம் குறைந்தது. நேரில் வா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தம்பி இன்னொரு ஷூவை எடுத்து மாட்டினான். கயிறு சரியாக முடிச்சு விழவில்லை, இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினான்.

“நானும் வரட்டுமாடா?” என்று கேட்டாள் அவள்.

“வேணாம்.” அவன் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். “நீ செஞ்சது சரிதான். அங்க யார் கேட்டாலும் அதையேதான் சொல்லப்போறேன். ஆனா நான் திரும்பி வரும்போது நீ இங்க நிக்காதக்கா. என்னால இன்னைக்கு உன்னைப் பாக்க முடியாது.”

அவள் சரி என்று தலையாட்டினாள். அவன் போன பிறகும் அங்கேயே கொஞ்சம் நின்றுவிட்டு, அவன் வருவதற்குள் மேலே போய்விட வேண்டும் என்று படி ஏறினாள்.